ட்ரவுட்டுக்கு ஏரி தேடுகிறீர்களா? முதலில் உயரத்தைப் பாருங்கள்

காற்றடைக்கும் கயாக் (ஒடுங்கிய சிறு துடுப்புப் படகு) ஒன்றைப் பல வருடமாக மலையகத்து ஏரிகளில் பாவித்து வருகிறேன். பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாகத் துடுப்புப் போடும் ட்ரோலிங்தான் எனக்குப் பிடித்த மீன்பிடி. வீடு ஹட்டனில். டிசம்பர் பிறந்து குளிர் கூடியதும் பெடியன்கள் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, காசல்ரீல இப்ப ட்ரவுட் அடிக்குமா?" என்பதுதான். காசல்ரீ எங்கள் ஊருக்குப் பக்கத்து நீர்த்தேக்கம், ட்ரவுட் குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன்.

அடிக்காது. எவ்வளவு குளிர் அடித்தாலும் அடிக்காது.

இங்கே உள்ள ரெயின்போ வகை ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரையான தண்ணீர்தான் சுகம். 20ஐத் தாண்டினால் தீனி குறையும், 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசனும் குறைந்துபோகும். காசல்ரீ ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சுமார் ஆறரை பாகை இறங்கும் என்று கணக்குப் போட்டால், இரண்டுக்கும் இடையில் ஐந்து பாகை வித்தியாசம் வருகிறது. ட்ரவுட் இருக்குமா இருக்காதா என்பதை அந்த ஐந்து பாகைதான் தீர்மானிக்கிறது. காலையில் நமக்குப் பல் கிட்டுகிறது என்பதற்காக அவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் ஒரே இரவில் குளிர்ந்துவிடாது.

குளிர் நாட்டு வீடியோக்களைப் பார்த்து வருகிறவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். அந்த நாடுகளில் கோடையில் ஆழத்துக்குப் போன ட்ரவுட், குளிர்காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்ததும் மேலே வரும். அதனால் பக்கத்து ஏரி எதுவானாலும் பருவம் பார்த்து இறங்கலாம். நமக்கு மாதத்துக்கு மாதம் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. அங்கே பருவம் செய்கிற வேலையை இங்கே உயரம் செய்கிறது. ஆகவே தூரத்தைப் பார்க்காமல் உயரத்தைப் பாருங்கள். ஒரு தெர்மோமீட்டரை நூலில் கட்டி இரண்டு மீற்றர் இறக்கிப் பாருங்கள். நான் வாங்கிய சாமான்களிலேயே அதிகம் உதவியது அதுதான், கயாக்கை விடவும்.

உயரம் மட்டும் இருந்தாலும் போதாது. நுவரெலியாவில் உள்ள கிரகரி வாவி 1873இல் உருவானது. 1880களில் வெள்ளைக்காரர் நுவரெலியாப் பக்கம் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றைக்கு அந்த வாவியில் அன்னப் படகும் இயந்திரப் படகும் ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவில் நூலை நீளமாக விட்டு இழுக்க முடியாது, நான் அங்கே இறக்குவதில்லை. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ட்ரவுட் உண்டு, ஆனால் அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழுள்ள தேசியப் பூங்கா. கயாக்குக்கு அங்கே வேலை இல்லை.

மிஞ்சுவது உயரத்தில் உள்ள சின்ன ஏரிகள். நான் போவது அம்பேவெல பக்கம் ஒரு தோட்டத்து ஏரி. அங்கே ட்ரவுட் குஞ்சு விட்டு வளர்த்திருக்கிறார்கள். தோட்ட நிர்வாகியான தொரையிடம் அனுமதி வாங்கி, வாச்சர் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். ஒரு பக்கம் காட்டிலிருந்து ஓடை வந்து விழுகிறது, மறு பக்கம் கரை சட்டென்று ஆழமாகிறது. இந்த இரண்டும் உள்ள ஏரி கிடைத்தால் விடாதீர்கள். ஓடை வாயில்தான் புதுத் தண்ணீரும் தீனியும் வரும்.

ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி கிடக்கும்போது மீன் மேலே இரண்டு மூன்று மீற்றருக்குள்ளேயே நிற்கும். ஈயம் தேவையில்லை. ஐந்து கிராம் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) ஒன்றை 25 மீற்றர் பின்னால் விட்டு, ஆள் நடக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் மெதுவாகப் போனால் சரி. மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் தங்க நிறம், தெளிந்திருந்தால் வெள்ளி. நேர்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து போங்கள். இரண்டு தூண்டில் இழுத்தால், வளைவின் வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுத்து மேலே வரும், உள்பக்கத் தூண்டில் தளர்ந்து கீழே இறங்கும். எதில் கடிக்கிறது என்று கவனித்தால் அன்றைய வேகமும் ஆழமும் பிடிபட்டுவிடும். ரீலை இறுக்கி வைக்காதீர்கள். ட்ரவுட்டின் வாய் மெல்லியது, கொக்கி கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

கயாக்கைப் பற்றிச் சொல்வதென்றால், பஸ்ஸிலும் ஓட்டோவிலும் ஏற்றலாம் என்பதே அதன் பெரிய லாபம். அடியில் செருகும் துடுப்புத்தகடு இல்லாமல் ட்ரோலிங் செய்யவே முடியாது, மூக்கு இரண்டு பக்கமும் ஆடும். கரையில் கல்லுப்போல அடித்த காற்று, குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் சுருங்கித் தொய்ந்துவிடும். அதனால் பத்து நிமிடம் மிதக்க விட்டு மறுபடி பம்ப் அடிக்க வேண்டும். வெயில் ஏறியதும் கரையில் வைப்பதானால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள், தையல் பிரியாது. நுவரெலியா மூட்டத்தில் இது காயவே காயாது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்கு வந்து விரித்துக் காயப் போடுவதற்கே ஒரு நாள் வேண்டும்.

ட்ரவுட் வேண்டாம், துடுப்புப் போட்டால் போதும் என்பவர்களுக்குக் காசல்ரீ அருமை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் இறங்கும் மாதங்களில் கவனம். மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயிலும் சுவர்களும் வெளியே வரும், ஸ்பூன் மாட்டினால் போனதுதான். தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துப் பக்கம் போகவே வேண்டாம். மழை நேரத்தில் வான்கதவு திறப்பார்கள்.

எங்கே போனாலும் உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள். 15 பாகைத் தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சே தடுமாறும், நீந்தத் தெரிந்தவருக்கும் அப்படித்தான். பத்து மணிக்கு மேல் காற்று எழும்ப ஆரம்பித்தால் கரையை ஒட்டியே திரும்புங்கள். மூட்டம் இறங்கினால் எதிர்க்கரை தெரியாது, அதனால் ஒரு விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். மாற்று உடுப்பும் சூடான பிளேன்டீயும் கரையில் இருக்கட்டும்.