ஹென்சிஃபை நானோ ஊசி: நல்ல பொருள்தான், ஆனால் ஊசி எட்டும் கட்டிக்கு மட்டும்

ரேடியேஷன் எடுக்கப் போகிறவர்களின் வீட்டு ஆட்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "நானோ துகள் போட்டுக் கதிர் கொடுத்தால் கட்டி சீக்கிரம் கரையுமாமே, உண்மையா?" என்பது. நானோ என்ற பெயரில் எத்தனையோ பொருட்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பதால் மொத்தமாக ஒரே பதில் சொல்ல முடியாது. மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்து அனுமதியும் வாங்கிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஹென்சிஃபை. ஆய்வுக் கட்டுரைகளில் என்பிடிஎக்ஸ்ஆர்3 என்று தேடினால் கிடைக்கும், பிரான்சின் நானோபயாடிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது, கை கால்களிலும் உடம்பின் வெளிச்சுவரிலும் வரும் மென்திசு சார்கோமாவுக்கு (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்று) 2019 ஏப்ரலில் ஐரோப்பாவின் சிஇ முத்திரை, அதாவது அங்கே விற்பதற்கான அனுமதி, பெற்றது. வெளியான முடிவுகளைப் படித்துத்தான் இதை எழுதுகிறேன். என் மதிப்பெண் 5-க்கு 3.

உள்ளே இருப்பது ஹாஃப்னியம் ஆக்ஸைடு, ஏறக்குறைய 50 நானோமீட்டர் துகள்கள். ஹாஃப்னியம் கனமான தனிமம், அணு எண் 72. எக்ஸ் கதிர் அதில் படும்போது, நம் உடம்பில் இருக்கும் கார்பன், ஆக்ஸிஜன் போன்ற லேசான அணுக்களைவிட அதிகமாகக் கதிரை உறிஞ்சிக்கொண்டு எலக்ட்ரான்களைச் சிதறவிடுகிறது. அந்த எலக்ட்ரான்கள் துகளைச் சுற்றி மிகக் குறுகிய தூரத்துக்குள்ளேயே ஆற்றலைக் கொட்டிவிடும், அதனால் இந்தக் கூடுதல் சேதம் கட்டிக்குள்ளேயே நிற்கும், பக்கத்துத் திசுவுக்கு எட்டாது. கதிர் இல்லாவிட்டால் துகள் சும்மா கிடக்கும், அது மருந்து மாதிரி வேலை செய்வதில்லை. ஐரோப்பாவில் 2019-ல் இதை மருத்துவ சாதனம் என்ற வகையில் சேர்த்ததற்கும், அமெரிக்காவில் மருந்தாகவே நடத்துவதற்கும் பின்னால் இந்தக் குழப்பம்தான் இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பயன்படுத்தும் முறை. கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு தடவை, கட்டியின் கன அளவில் 10 சதவீதம் அளவுக்கு, நேராகக் கட்டிக்குள் ஊசி. அவ்வளவுதான். அப்புறம் வழக்கமான அதே லினாக் (கதிர் கொடுக்கும்) மெஷின், அதே 25 சிட்டிங், அதே 50 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு). நோயாளிக்கு வாராவாரம் கூடுதலாக ஒரு அலைச்சல் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் தேவையில்லை. கனமான அணு என்பதால் சிடி ஸ்கேனில் பளிச்சென்று தெரியும், எங்கே தங்கியிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சரி, பலன்? 2019-ல் லான்செட் ஆன்காலஜி என்ற புற்றுநோய் மருத்துவ இதழில் வந்த ஆக்ட் இன் சார்க் ஆய்வில் சார்கோமா நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு ஊசியும் கதிரும், மறுபாதிக்குக் கதிர் மட்டும், அதன்பிறகு இருதரப்புக்கும் அறுவை சிகிச்சை. வெட்டி எடுத்த கட்டியில் உயிருள்ள புற்றுச் செல் 5 சதவீதத்துக்கு மேல் மிஞ்சாதவர்கள் ஊசிப் பக்கம் 87 பேரில் 14, மற்றப் பக்கம் 89 பேரில் 7. 16 சதவீதம், 8 சதவீதம். ஓரத்தில் புற்று மிஞ்சாமல் கட்டியைச் சுத்தமாக எடுக்க முடிந்ததும் 64-லிருந்து 77 சதவீதமாக உயர்ந்தது. "இரண்டு மடங்கு" என்று தலைப்புப் போடலாம், பொய் இல்லை. ஆனால் ஊசி போட்டவர்களிலும் ஆறில் ஐந்து பேருக்கு அந்த நல்ல முடிவு வரவில்லை என்பதையும் சேர்த்தே வீட்டு ஆட்களிடம் சொல்ல வேண்டும். தவிர, அந்த ஆய்வின் முதன்மை அளவுகோல் கட்டி எவ்வளவு செத்தது என்பது, ஆள் எத்தனை வருடம் வாழ்ந்தார் என்பது இல்லை. நான் இரண்டு மதிப்பெண் குறைத்ததில் ஒன்று இதற்காக.

பக்க விளைவு: தீவிரமான பாதகங்கள் ஊசிப் பக்கம் 39 சதவீதம், மற்றப் பக்கம் 30. ஊசி போட்ட இடத்தில் கடும் வலி, திடீரென ரத்த அழுத்தம் இறங்குவது போன்றவை சிலருக்கு வந்தன. அறுவைப் புண் ஆறுவதில் வந்த கடுமையான சிக்கல்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே, அது நிம்மதி.

இயற்பியலில் ஒரு நெருடல் உண்டு, விளம்பரப் படங்கள் இதைத் தாண்டிப் போய்விடும். இந்தத் துறையைக் கிளப்பிவிட்ட 2004-ஆம் ஆண்டு எலி ஆய்வில், 1.9 நானோமீட்டர் தங்கத் துகளும் கதிரும் சேர்ந்தபோது ஒரு வருடம் கழித்து 86 சதவீத எலிகள் உயிரோடு இருந்தன, கதிர் மட்டும் என்றால் 20 சதவீதம். பிரமாதமான எண்தான், ஆனால் அங்கே பயன்பட்டது 250 கிலோவோல்ட் கதிர். லினாக் கொடுப்பது அதைவிடப் பல மடங்கு ஆற்றல் கூடிய மெகாவோல்ட் கதிர், அந்த ஆற்றலில் கன அணு, லேசான அணு என்ற வித்தியாசம் பெரும்பாலும் மங்கிவிடும். அதனால் மனிதர்களிடம் கிடைக்கும் பலனை எலக்ட்ரான் கணக்கு மட்டும் வைத்து விளக்க முடியாது, செல்லுக்குள் உருவாகும் வேதிச் சேதமும் நோய் எதிர்ப்பு எழுச்சியும் சேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

இன்னொரு மதிப்பெண் குறைந்தது ஊசிக்காக. தொட்டு உணரக்கூடிய தொடைக் கட்டிக்குச் சரி, பல இடங்களில் பரவிய நோய்க்கு ஒவ்வொரு கட்டியாகக் குத்திக்கொண்டிருக்க முடியாது. ரத்தத்தில் ஏற்றினால் என்ன என்று கேட்பீர்கள். 2016-ல் பழைய ஆய்வுகளை மொத்தமாக அலசிப் பார்த்தபோது, ரத்தத்தில் செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேருவது இடைநிலையாக 0.7 சதவீதம் மட்டுமே என்று தெரிந்தது. அந்த வழியில் துணிந்து போவது ஏகுயிக்ஸ் என்ற துகள், கடோலினியம் என்ற கன உலோகம் கொண்டது. நரம்பில் ஏற்றுவது, எம்ஆர்ஐயில் தெரியும், மிகச் சிறியதாக இருப்பதால் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். மூளைக்குப் பரவிய புற்றில் சோதித்து வருகிறார்கள், எனக்கு இதன்மேல் நம்பிக்கை உண்டு.

ஹென்சிஃபையின் உண்மையான பரீட்சை தலை, கழுத்துப் புற்றில் நடக்கும் நானோரே-312 ஆய்வு. கதிரோடு வழக்கமாகக் கொடுக்கும் கீமோ மருந்தான சிஸ்பிளாட்டினைத் தாங்க முடியாத வயதான நோயாளிகள், 500 பேர் என்பது திட்டம். இந்த வயதினருக்குக் கதிரோடு சேர்த்துக் கொடுக்க நல்ல துணை மிகக் குறைவு, அதனால்தான் இந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதுவரை, யாராவது "நானோ ரேடியேஷன்" என்று சொல்லிக் காசு கேட்டால் துகளின் பெயர் என்ன, எந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது, பதிவு எண் என்ன என்று எழுத்தில் வாங்கி, உங்கள் கதிர்வீச்சு மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.