சிங்க்குக்குக் கீழே எதை வைப்பது: ஆர்ஓ-வா, யுஎஃப்-ஆ, இல்லை சுவரிலேயே மாட்டிவிடலாமா?

மாடுலர் கிச்சன் போடுகிற எல்லோரும் இப்போது கேட்கும் கேள்வி இது. இரண்டும் குடிதண்ணீர் ஃபில்டர்தான்: ஆர்ஓ உப்பையும் வடிகட்டும், யுஎஃப் கிருமியைப் பிடித்துவிட்டு உப்பை விட்டுவிடும். சுவரில் தொங்கும் பெட்டி கண்ணை உறுத்துகிறது, சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரியில் ஃபில்டரை வைத்துவிட்டு மேலே ஒரு சின்னக் குழாய் மட்டும் தெரிந்தால் போதும் என்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டு சம்ப்பில் என்ன தண்ணீர் விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

சென்னை புறநகர் அடுக்குமாடிகளில் மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், லாரி தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கும். டிசம்பரில் மழை பெய்து ஓய்ந்ததும் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, பார்த்தால் ஒரு எண், மே மாதம் பார்த்தால் வேறு எண். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, அதுவரை நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பல வீடுகளும் லாரியை நம்பித்தான் இருந்தன. கோயம்புத்தூர் கதையே வேறு. சிறுவாணித் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதற்கு ஆர்ஓ மாட்டுவது காசைக் கொடுத்துத் தண்ணீரைக் கொட்டுவதுதான். அங்கே பல வீடுகளில் நல்ல தண்ணிக்கும் உப்புத் தண்ணிக்கும் தனித்தனி லைன் இருக்கும், சிங்க்குக்குக் கீழே இரண்டு ஆங்கிள் காக்கும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கும். ஃபில்டரை எதில் கொடுக்கிறார் என்று பிளம்பர் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எண்ணாகச் சொன்னால், குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், அதாவது ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பை ஏற்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை போகலாம் என்கிறது. கோடையிலும் உங்கள் எண் 500-க்குள் இருந்து, அது ஆறு, ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீராகவும் இருந்தால் யுஎஃப் போதும். அதைத் தாண்டினால் ஆர்ஓ பக்கம் வாருங்கள். ஒரு எச்சரிக்கை: டிடிஎஸ் பேனா உப்பை மட்டும்தான் காட்டும். சாக்கடை கலந்த தண்ணீருக்கும் அது 250 காட்டலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து போர் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடும் அதில் தனியாகத் தெரியாது. அந்த மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அங்கே இன்னும் போர் தண்ணீர் குடிக்கிறவர்கள் ஒருமுறை தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மிஷின் வாங்குங்கள், ஏனென்றால் யுஎஃப் ஃபுளோரைடைத் துளியும் குறைக்காது.

விற்க வருகிறவர்கள் இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்துக் காட்டுவார்கள். உங்கள் தண்ணீர் கறுத்துப்போகும், ஆர்ஓ தண்ணீர் அப்படியே இருக்கும். அந்தக் கறுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்பு குறைந்த தண்ணீரில் கரண்ட் பாயாது, அதனால் கம்பியும் கரையாது, அவ்வளவுதான். நல்ல தண்ணீர் வரும் வீடுகளில் வயதானவர்களைப் பயமுறுத்தி இப்படி விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, யுஎஃப் என்றால் என்ன? மெல்லிய குழல்நார்கள் அடங்கிய ஒரு கார்ட்ரிட்ஜ், துளை அளவு சுமார் 0.01 மைக்ரான். பாக்டீரியாவை நிறுத்தும், உப்பை விட்டுவிடும். எல்லா வைரஸையும் நிறுத்தும் என்று சொல்ல முடியாது, அதனால் கடைசியில் ஒரு யுவி (புற ஊதா) விளக்கும் இருக்கும்படி வாங்குங்கள். அந்த விளக்கு நீலமாக எரிந்துகொண்டே இருந்தாலும் கிருமியைக் கொல்லும் சக்தி நாளாக ஆகக் குறைந்துவிடும், வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முன்னால் மண், தூசியைப் பிடிக்க ஒரு கேண்டில், வாடையைப் பிடிக்க ஒரு கார்பன். சிங்க்குக்குக் கீழே வைக்க இதைவிடத் தோதானது இல்லை: டேங்க் வேண்டாம், பம்ப் வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகாது, அலமாரியின் ஒரு ஓரத்தில் அடங்கிவிடும், குப்பைக் கூடைக்கும் இடம் மிச்சம்.

இதன் சிக்கல் பிரஷர். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் கொடுப்பது ஒரு பார் அழுத்தம். மொட்டை மாடி டேங்குக்கு நேர் கீழே மேல் தளத்தில் குடியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். கேண்டில், கார்பன், யுஎஃப் எல்லாம் தாண்டி வரும்போது நூல் மாதிரி ஒழுகும், ஒரு பாட்டில் நிறைவதற்குள் பொறுமை போய்விடும். கீழ்த்தளத்தில் இதே மிஷின் பிரமாதமாக ஓடும். பிரஷர் பம்ப் வைத்த அபார்ட்மெண்ட் என்றால் நேர் எதிர்ப் பிரச்சினை. அழுத்தம் எகிறும்போது பிளாஸ்டிக் கனெக்டர் பிடுங்கிக்கொள்ளும், அதனால் முன்னால் ஒரு பிரஷர் குறைக்கும் வால்வு போடச் சொல்லுங்கள்.

ஆர்ஓ-வில் பூஸ்டர் பம்ப் இருப்பதால் மேல் தளத்திலும் ஓடும். ஆனால் 75 ஜிபிடி (நாளைக்கு 75 கேலன்) என்று எழுதியிருக்கும் மெம்பிரேன், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வு, மணிக்குச் சுமார் 12 லிட்டர்தான் தரும். அதுவும் நல்ல அழுத்தம் இருந்தால். அதனால் எங்காவது சேர்த்துவைக்க வேண்டும், சுவர் மாடலும் சிங்க் மாடலும் பிரிவது இங்கேதான்.

சுவர் மாடலில் ஏழெட்டு லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், ஃபுளோட், கீழே குழாய். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், ஒழுகினாலும் தெரியும். சிங்க் மாடலில் இருப்பது பிரஷர் டேங்க்: உள்ளே ஒரு ரப்பர் பை, பைக்கு வெளியே காற்று, அந்தக் காற்று தள்ளுவதால்தான் மேலே குழாயில் தண்ணீர் ஏறுகிறது. 12 லிட்டர் டேங்க் என்று சொன்னாலும் உள்ளே பிடிப்பது ஏழெட்டு லிட்டர்தான், மீதி காற்றுக்கு. மெம்பிரேன் அந்தக் காற்றை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் டேங்க் நிரம்ப நிரம்ப வேகம் குறையும், வீணாகும் தண்ணீரும் கொஞ்சம் கூடும். கொஞ்ச நாள் கழித்து, ஒரு டம்ளர் வேகமாக வந்துவிட்டு அப்புறம் சொட்டுச் சொட்டாக வந்தால், மெம்பிரேன் போய்விட்டது என்று சர்வீஸ் ஆள் சொல்வதை உடனே நம்பாதீர்கள். டேங்கின் அடியிலோ பக்கத்திலோ நீல மூடி போட்ட ஒரு வால்வு இருக்கும், பைக் டயரில் இருக்கிற அதே வகை. தண்ணீர் வரும் வால்வை மூடி, டேங்கை முழுக்கக் காலி செய்து, அதில் ஏழு பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று அடித்துப் பாருங்கள். பல சமயம் அதுதான் வியாதி. அடிக்கும்போது வால்வு வழியாகத் தண்ணீர் கசிந்தால் பை கிழிந்திருக்கிறது, டேங்கையே மாற்ற வேண்டும்.

ரிஜெக்ட் தண்ணீர், அதாவது ஆர்ஓ வெளியே தள்ளும் உப்புத் தண்ணீர் விஷயத்தில் நான் சுவர் மாடல் பக்கம். வீட்டு ஆர்ஓ சாதாரணமாக மூன்று லிட்டர் எடுத்து ஒரு லிட்டர்தான் நல்ல தண்ணீர் தரும். சுவர் மாடலில் அந்த டியூபை ஒரு பக்கெட்டில் விட்டால் வீடு துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற ஆகும். சிங்க் மாடலில் பெரும்பாலும் வேஸ்ட் பைப்பில் ஓட்டை போட்டு நேராகச் சாக்கடைக்கு விட்டுவிடுகிறார்கள், எவ்வளவு போகிறது என்றே யாருக்கும் தெரிவதில்லை. அதைச் செடிக்கு விடலாமா என்றால், கணக்குப் போடுங்கள்: உள்ளே போகும் தண்ணீரின் டிடிஎஸ் 900, நல்ல தண்ணீர் 60 என்றால் வெளியேறுவது 1300-க்கு மேல். துளசி தாங்காது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது முக்கியமாக மேடைதான். குழாய்க்குக் கிரானைட்டில் ஓட்டை போட டைமண்ட் பிட் வேண்டும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாக இறக்க வேண்டும். சுத்தியல் டிரில்லை எடுத்தால் சிங்க் ஓரத்தில் இருக்கிற அந்த இரண்டு அங்குலக் கல் விரிந்துவிடும். கிச்சன் போடும்போதே கல் வெட்டுகிறவரிடம் சொல்லிவிடுவது உத்தமம். கரண்ட் பாயிண்ட் அலமாரிக்குள் தரையோடு வேண்டாம், மேலே வையுங்கள். மிஷினையும் டேங்கையும் ஒரு தட்டில் வைத்து, மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், ஏனென்றால் ஒழுகினால் பிளைவுட் ஊதிப்போன பிறகுதான் தெரியவரும்.

தாது சேர்க்கும், செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ்களுக்கு நான் கூடுதல் பணம் தர மாட்டேன். டிடிஎஸ் கூட்டும் வால்வு செய்வது மெம்பிரேனைச் சுற்றிக்கொண்டு வரும் தண்ணீரைக் கலப்பது மட்டும்தான். ஃபுளோரைடு ஊரில் அதை முழுக்க மூடியே வையுங்கள்.

என் தேர்வைக் கேட்டால்: ஆற்றுத் தண்ணீர் வரும் வீடு, பிரஷரும் உண்டு என்றால் சிங்க்குக்குக் கீழே யுஎஃப்-யுவி, கண்ணை மூடிக்கொண்டு. கலப்புத் தண்ணீர் வரும் சென்னை ஃபிளாட் என்றால் சுவர் ஆர்ஓ. சிங்க் ஆர்ஓ, அலமாரி பெரிதாக இருந்து, குனிந்து பார்க்க வீட்டில் ஒருவர் தயாராக இருந்தால் மட்டும். வாடகை வீடாக இருந்தால் ஓனரைக் கேட்காமல் கிரானைட்டைத் தொடாதீர்கள், அட்வான்ஸில் கழித்துவிடுவார். அங்கேயும் சுவர் மாடல்தான். காலி செய்யும்போது இரண்டு ஸ்குரூவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.