மாடிக்கு வைஃபை: ஒயரா, ரிப்பீட்டரா, மெஷ்ஷா?

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் வைஃபை ரவுட்டர் பெட்டியை எங்கே மாட்டுவார்? வாசலுக்குப் பக்கத்தில், டிவிக்குப் பின்னால். அவருக்கு ஒயர் மிச்சம். மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குத்தான் தலைவலி. நடுவில் கம்பி கட்டிய காங்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு தாண்டும். ஆனால் தெருவில் இருக்கிற அத்தனை வீட்டு வைஃபையும் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆக, மாடியில் இன்னொரு ரவுட்டர் வேண்டும். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் எதைக் கொண்டு இணைப்பது என்பதுதான் பேச்சு.

வழி மூன்று. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை லேன் ஒயரில் இணைத்து ஆக்சஸ் பாயின்ட் (ஒயரில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) ஆக்கலாம். அதே ரவுட்டரை ஒயர் இல்லாமல், கீழே உள்ள வைஃபையை வாங்கித் திரும்பப் பரப்பும் ரிப்பீட்டராக ஓட்டலாம். இரண்டும் வேண்டாமென்று புதிதாக ஒரு மெஷ் செட் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து ஓடும் பெட்டிகள்) வாங்கலாம். எங்கள் வீட்டில் முதலில் ரிப்பீட்டர் ஓடியது, இப்போது ஒயர். மெஷ், தங்கை வீட்டில் நான் பொருத்திக் கொடுத்தது. அதனால் மூன்றுக்கும் சரிசமமாக இடம் ஒதுக்கப் போவதில்லை. நான் ஒயர் கட்சி.

வேகக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திரும்பச் சொல்கிறது. ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு தடவை போவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு பேண்ட் உள்ளவை 5-இல் வாங்கி 2.4-இல் கொடுத்து இதைச் சமாளிக்கும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் தளத்தைத் தாண்டாததால்தானே இந்த வேலையிலேயே இறங்கினோம்! ஒயரில் இந்தச் சிக்கலே இல்லை. கேட் 5இ தர லேன் கேபிளே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். வீட்டுக்குள் இருபது மீட்டர் அதற்கு ஒன்றுமே இல்லை.

உண்மையைச் சொன்னால் பாதி வேகம் பலருக்குப் போதும். வீடியோ கால் பேசவும் படம் பார்க்கவும் 30, 40 எம்பிபிஎஸ் தாராளம். நான் ஒயருக்கு வந்ததற்குக் காரணம் வேகம் இல்லை. வீட்டில் நான் இல்லாத நேரத்தில் இதை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான்.

கரன்ட் போய் வருகிறது என்று வையுங்கள். ஃபைபர் பெட்டி முழுதாக எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். மாடி ரிப்பீட்டர் அதற்கு முன்பே எழுந்து தாய் ரவுட்டரைத் தேட ஆரம்பிக்கும். சில ரிப்பீட்டர்கள் விடாமல் தேடும், சில ஓய்ந்துவிடும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒரே ரேடியோவில் ஓடும் ரிப்பீட்டரும் தாய் ரவுட்டரும் ஒரே சேனலில் இருந்தாக வேண்டும். ஃபைபர் பெட்டியில் சேனல் ‘ஆட்டோ’ என்று இருந்தால், கரன்ட் வந்ததும் அது நேற்று 6, இன்று 11 என்று தன்னிஷ்டத்துக்குப் போய் உட்காரும். ரிப்பீட்டர் கெட்டிக்காரனாக இருந்தால் பின்னாலேயே போகும். பழைய ரவுட்டர்களில் டபிள்யூடிஎஸ் என்ற பெயரில் இருக்கும் ரிப்பீட்டர் வசதி பெரும்பாலும் அப்படிப் போகாது. அப்போது நடப்பதுதான் வேடிக்கை. மாடியில் போனில் சிக்னல் முழுக்கோடு காட்டும், ஏனென்றால் ரிப்பீட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நெட் இருக்காது. “சிக்னல் ஃபுல்லா இருக்குப்பா, வாட்ஸ்அப் மட்டும் போகல” என்று அம்மா சொன்னால், வெளியூரிலிருந்து போனில் என்ன சொல்லிப் புரியவைப்பது? கீழே உள்ளதை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, அப்புறம் மேலே உள்ளதை அணைத்து... அதற்குள் சீரியல் தொடங்கிவிடும்.

ஒயரில் எது முதலில் எழுந்தால் என்ன? இரண்டு முனையும் உயிர் பெற்ற சில நொடிகளில் தானாகப் பேசிக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய சோதனை, கம்பெனி ஆள் வந்து ஃபைபர் பெட்டியையே மாற்றிவிட்டுப் போவது. புதுப்பெட்டிக்குப் புதுப்பெயர், புது பாஸ்வேர்டு. ரிப்பீட்டர் அந்த நிமிடமே அனாதை; உள்ளே போய் எல்லாவற்றையும் மறுபடி கொடுக்க வேண்டும். ஒயரில் இணைந்த ஆக்சஸ் பாயின்டுக்குக் கீழே பெட்டி மாறிய சங்கதியே தெரியாது. அதன் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அதனுடையவை. ஐபி முகவரி கொடுப்பது கீழே உள்ளவரின் வேலை. பழையவர் போனால் புதியவர் கொடுப்பார். மாடியில் இருப்பவர் கால் பேசிக்கொண்டே இருக்கலாம், பெட்டி மாற்றும் நேரம் நீங்கலாக.

அமைப்பதும் சுலபம், எதை முதலில் செய்வது என்ற வரிசை மட்டும் முக்கியம். ஃபைபர் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்று கொள்வோம். பழைய ரவுட்டரை முதலில் தனியாக லேப்டாப்பில் செருகி, ரீசெட் செய்து, வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றையும் கீழே உள்ளது போலவே வைக்க வேண்டும். 2.4-இல் கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11. அடுத்து டிஹெச்சிபியை, அதாவது ஐபி முகவரி கொடுக்கும் வேலையை, அணைக்க வேண்டும். ஒரு வீட்டில் முகவரி கொடுக்க இரண்டு பேர் இருந்தால் குழப்பம்தான். கடைசியாக அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும். இது ஃபைபர் பெட்டி மற்றவற்றுக்குக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே இருப்பது நல்லது. பிறகு கீழிருந்து வரும் ஒயரை லேன் போர்ட்டில் செருகலாம். வெளியிலிருந்து நெட் வருவதற்கென்று நிறம் மாறியிருக்கும் வேன் போர்ட்டில் அல்ல. டிஹெச்சிபியை அணைக்காமல் அதில் செருகினாலும் பெரும்பாலும் நெட் வரும், அதனால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். மாடியிலிருக்கும் போனுக்குக் கீழே இருக்கும் டிவி தெரியாது, பிரின்டர் கிடைக்காது. புதிய மாடல்களில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்று ஒரே பொத்தான் இருக்கும். அது இருந்தால் இத்தனையும் வேண்டாம், வேன் போர்ட்டிலேயே செருகலாம்.

சரி, ஒயரை எப்படி மாடிக்குக் கொண்டுபோவது? எல்லோரும் பின்வாங்கும் இடம் இது. சுவரை உடைக்க வேண்டியதில்லை. பல வீடுகளில் மொட்டைமாடியிலிருந்து டிவிக்கு வரும் பழைய கேபிள் ஒயர் பைப்புக்குள் சும்மா கிடக்கிறது. அதன் ஒரு முனையில் லேன் கேபிளை இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றி, மறுமுனையை ஒருவர் மெதுவாக இழுக்க, இந்தப் பக்கம் ஒருவர் தள்ளிக்கொடுத்தால் வந்துவிடும். கேபிளை இழுத்து முடித்த பிறகுதான் பிளக்கைக் கிரிம்ப் செய்ய (கம்பிகளின் மேல் கடிக்கவைத்து மாட்ட) வேண்டும். பிளக்கோடு இழுத்தால் வளைவில் மாட்டும். கரன்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் இதை நுழைக்காதீர்கள்.

கேபிள் வாங்கும்போது பிளேடால் கம்பியை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வளைத்தால் முறியும், வாங்காதீர்கள். முழுச் செம்பில் கேட் 6, மீட்டருக்குச் சில பத்து ரூபாய்தான் கூட வரும். கிரிம்ப் செய்தபின் இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட் இருந்தும் வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை என்றால், எட்டு கம்பிகளில் ஏதோ ஒன்று சரியாகக் கடிபடவில்லை என்று அர்த்தம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

ஒயரிலும் குறை உண்டு. பழைய ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் என்றால், 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருந்தாலும் மாடிக்கு அந்த 94தான். கேபிள் வெளிச்சுவர் வழியாகப் போனால் ஐப்பசி இடிக்குப் பயப்பட வேண்டும். பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தால் போர்ட் கருகலாம். மழை கருத்தால் பிளக்கைக் கழற்றிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். இன்னொன்று, படியேறிக்கொண்டே வைஃபையில் பேசினால் பேச்சு ஓரிரு நொடி துண்டாகும். போன் கீழே உள்ள ரவுட்டரை லேசில் விடாது, தேய்ந்த சிக்னலையே பிடித்துத் தொங்கும். கீழே உள்ளதன் 2.4 திறனை ‘மீடியம்’ என்று குறைத்த பிறகு எங்களுக்கு இது குறைந்தது; எல்லா ஃபைபர் பெட்டியிலும் அந்த வசதி இருக்காது.

இந்த ஒரு இடத்தில் மெஷ் ஜெயிக்கிறது. பெட்டிகள் தங்களுக்குள் பேசி, ‘நீ இனி அங்கே போ’ என்று போனுக்குச் சொல்லும் வசதி அதில் இருக்கிறது. தங்கை வீட்டில் அறைக்கு அறை நடந்துகொண்டே பேசினோம், துண்டாகவில்லை. ஆனால் அது ஒரே தளத்து ஃபிளாட். செங்கல் சுவர்தான், காங்கிரீட் தளம் குறுக்கே இல்லை. நான் பார்த்ததும் பொருத்திய புதிதில்தான். வருடக்கணக்கில் எப்படி உழைக்கும் என்று என் கையால் சொல்ல முடியாது. பராமரிப்பில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. பல மெஷ் செட்களை ஒரு செயலி, அதற்கொரு கணக்கு வைத்துத்தான் நிர்வகிக்க முடியும். அந்தக் கணக்கு யாருடைய போனில் இருக்கிறதோ அவர் வீட்டில் இல்லாத நாளில் பிரச்சினை வந்தால்? தங்கை, மாப்பிள்ளை இரண்டு பேர் போனிலும் போட்டுக்கொடுத்திருக்கிறேன்.

வாடகை வீடு, துளை போடக்கூடாது, பைப்பும் இல்லை என்றால் மெஷ்தான், ரிப்பீட்டருக்குப் போகாதீர்கள். வாங்கும்போது இரண்டு பெட்டியிலும் லேன் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் சொந்த வீட்டுக்குப் போனால் அதே செட்டை ஒயரில் இணைத்துக்கொள்ளலாம். ஃபைபர் பெட்டியும் ரவுட்டராகவே ஓடுகிறது என்றால் மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட மறக்க வேண்டாம். பழைய ரவுட்டரோடு ஒயரில் போகிறவர்கள், 192.168.1.2 என்ற முகவரியையும் அட்மின் பாஸ்வேர்டையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி அதன் அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறந்து பார்ப்பவர் நீங்களாகவே இருந்தாலும் தேவைப்படும்.