‘பிளாண்டேஷன்’ என்ற சொல்லுக்காக வாங்கிய புத்தகம்: சுங்கை சிப்புட் பழைய புத்தகக் கடை

எஸ்பிஎம் (மலேசியாவில் ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதும் தேர்வு) பயிற்சி நூல் தேடித்தான் மகளோடு இந்தக் கடைக்குப் போனேன். பயிற்சி நூல் கிடைக்கவில்லை, ஆனால் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையில் ‘பிளாண்டேஷன்’ என்று பார்த்ததும் கை தானாக நீண்டது, தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனுக்கு அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியுமா. விலை 8 வெள்ளி (ரிங்கிட்).

உள்ளே ரப்பரும் இல்லை, செம்பனையும் இல்லை. 1620-இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போன வில்லியம் பிராட்ஃபோர்டின் வாழ்க்கை. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் புதுக் குடியேற்றத்துக்குத்தான் அந்தப் பெயர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர், மத நெருக்கடியில் ஹாலந்துக்குப் போய் லைடனில் துணி நெய்து பிழைத்தவர். மகனை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அமெரிக்கக் கரையில் கப்பல் நின்றிருந்தபோது, இவர் இடம் பார்க்கப் போயிருந்த நேரத்தில், மனைவி டாரதி கடலில் விழுந்து இறந்துபோனார். முதல் குளிர்காலத்திலேயே வந்தவர்களில் பாதிப் பேர் இறந்துபோனார்கள். அந்தப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது கடன் கதை. பயணத்துக்குப் பணம் போட்டவர்கள் லண்டன் வியாபாரிகள், அவர்களுக்காக எல்லோரும் பொதுவில் உழைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். 1627-இல் பிராட்ஃபோர்டும் சிலரும் 1,800 பவுன் கடனைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டார்கள், அது தீர இருபது வருடம் போல இழுத்தது. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பல் ஏறிய எங்கள் தாத்தா அந்தக் கணக்கிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அதற்கு முன்பே, 1623-இல் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் என்று பிரித்துக் கொடுத்ததும் பெண்களும் பிள்ளைகளும்கூட வயலில் இறங்கி விளைச்சல் கூடியதாம். லயத்துக்குப் பின்னால் பாட்டி போட்ட மரவள்ளிதான் ஞாபகம் வந்தது.

ஒரு குறை. இவர்களுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்த பூர்வகுடி ஸ்குவாண்டோவுக்குச் சில பக்கங்கள்தான். பிடித்துக்கொண்டு போய் ஸ்பெயினில் விற்கப்பட்டவர், ஊர் திரும்பியபோது கொள்ளைநோயில் தன் ஜனம் முழுக்க அழிந்திருப்பதைப் பார்த்தவர். அவர் ஜனத்தின் நிலத்தில்தானே இவர்கள் வீடு கட்டினார்கள்? இன்னும் எழுதியிருக்க வேண்டும்.

கடை சின்னது, காற்றோட்டம் போதாது, பழைய தமிழ் நாவல்கள் நிறைய. வீட்டில் பார்த்தால் நடுவில் நான்கு பக்கம் இல்லை. போன் செய்ததும், “கொண்டு வாங்கண்ணே, காசைத் திருப்பித் தர்றேன்” என்றார் கடைக்காரத் தம்பி. நான் கொடுக்கவில்லை, புத்தகம் என்னிடமே இருக்கட்டும். போகிறவர்கள் மழை இல்லாத நாளில் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் உள்ளே வெளிச்சம் பத்தாது.