டிரான்ஸ்கோடிங் திணறல்: சிபியுவா, குவிக் சிங்க்கா, என்விடியாவா?

வீட்டு மீடியா சர்வருக்கு எந்த டிரான்ஸ்கோடிங் (படத்தைப் பார்க்கும் டிவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவது) வழி நல்லது என்று பொதுவாகப் பேசினால் முடிவே வராது. சிபியுவே செய்யலாம், இன்டெல் சிப்புக்குள் இருக்கும் வீடியோ என்ஜினான குவிக் சிங்க் செய்யலாம், என்விடியா கார்டு செய்யலாம். அதனால் ஒரே ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். ப்ளூரேயிலிருந்து எடுத்த 4கே படம்: எச்இவிசி என்ற வீடியோ வடிவத்தில் 10 பிட், ஒளியும் நிறமும் கூடுதலாகக் காட்டும் எச்டிஆர், சராசரியாக 60 எம்பிபிஎஸ், ட்ரூஎச்டி ஆடியோ, பிஜிஎஸ் சப்டைட்டில். பார்க்கப்போவது எச்டிஆர் தெரியாத பழைய 1080பி டிவியில். இந்தக் கோப்பைத் தாங்குகிற சர்வருக்கு வீட்டில் இருக்கும் மற்ற படங்கள் பெரிய வேலை இல்லை.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால், இப்போது யார் வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளின் லாக் பகுதியில் எஃப்எஃப்எம்பெக் டிரான்ஸ்கோட் என்று தொடங்கும் கோப்பைத் திறங்கள். படத்தைப் புது வடிவில் எழுதும் என்கோடரின் பெயர் லிப்எக்ஸ்264 என்றிருந்தால் சுமை முழுக்க சிபியுவின் தலையில். கியூஎஸ்வி என்று முடிந்தால் இன்டெல்லின் குவிக் சிங்க், என்விஎன்க் என்று முடிந்தால் என்விடியா. அப்புறம் கீழே ஓடும் வரிகளில் ஸ்பீட் என்ற எண். எஃப்பிஎஸ் 17, ஸ்பீட் 0.72 என்று இருந்தால் கணக்கு எளிது: படம் நொடிக்கு 24 ஃபிரேம் கேட்கிறது, சர்வர் 17தான் தருகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வட்டம் சுற்றாமல் என்ன செய்யும்? ஸ்பீட் 1-க்கு மேல் தாராளமாக இருந்தும் படம் நிற்கிறது என்றால் கோளாறு நெட்வொர்க்கிலோ டிவி ஆப்பிலோ இருக்கிறது. அதற்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் பயனில்லை.

முதலில் சிபியு. ஒரே பிட்ரேட்டில் (நொடிக்கு இத்தனை பிட் என்ற அளவு) படத்தின் தரத்தைப் பார்த்தால் சாஃப்ட்வேர் என்கோடிங்கை, அதாவது சிபியுவே செய்வதை, மெதுவான பிரீசெட்டில் (வேகத்தைத் தீர்மானிக்கும் முன்னமைப்பு) ஓடவிடுவதுதான் மேல். ஆனால் படம் ஓடும்போதே மாற்ற வேண்டுமென்றால் வெரிஃபாஸ்ட் போன்ற அவசர பிரீசெட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே அந்த மேன்மை பெரும்பாலும் போய்விடுகிறது. பிளெக்ஸ் என்ற இன்னொரு மீடியா சர்வர் மென்பொருள் தரும் தோராயக் கணக்குப்படி 10 எம்பிபிஎஸ் 1080பி படம் ஒன்றை மாற்ற, சிபியு வேகத்தை அளக்கும் பாஸ்மார்க் மதிப்பெண் 2,000 போதும். நம் கோப்பு போன்ற 4கே எச்டிஆர் படத்துக்கு 17,000 வேண்டும். அந்த அளவு சிபியுவை வீட்டு மூலையில் இரவு பகலாக ஓடவிட எனக்கு மனம் வராது.

குவிக் சிங்க் இங்கேதான் ஜெயிக்கிறது. என்100 என்ற குட்டி இன்டெல் சிப்பின் பாஸ்மார்க் அந்த 17,000-இல் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டாலே பெரிது. ஆனாலும் அதனுள் இருக்கும் வீடியோ என்ஜின் நம் கோப்பை டிகோட் செய்து (பிரித்துப் படித்து), எச்டிஆர் நிறத்தைச் சாதாரண நிறத்துக்கு இறக்கி, 1080பி ஆக்கித் தருகிறது. இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் தாங்கும். 6 வாட் சிப். மொத்தப் பெட்டியும் சராசரியாக 10 வாட் எடுத்தால் மாதத்துக்கு 7 யூனிட்தான். பழைய கேமிங் பிசி சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுத்தால் 36 யூனிட்.

பழைய இன்டெல் கணினி இருந்தால் தலைமுறையைப் பாருங்கள். குவிக் சிங்க் 2011-லேயே வந்துவிட்டது, ஆனால் எச்இவிசி 10 பிட் முழுமையாக வருவது 7-ஆம் தலைமுறையிலிருந்து. 6-ஆம் தலைமுறையில் 8 பிட்டோடு சரி, நம் கோப்பு அங்கே சிபியுவின் மேல் விழும். பெயர் எஃப் என்று முடியும் சிப்களில் உள்கிராஃபிக்ஸ் இல்லை, அதனால் குவிக் சிங்க்கும் இல்லை. தனி கார்டு செருகிய சில கணினிகளில் உள்கிராஃபிக்ஸை பயாஸ் தானாக அணைத்து வைத்திருக்கும். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

குவிக் சிங்க் போட்டும் வேலை செய்யவில்லை என்று வரும் புலம்பல்களில் நிறைய டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் கருவி) சம்பந்தப்பட்டவை. கன்டெய்னருக்குள் கிராஃபிக்ஸுக்கான டிஆர்ஐ சாதனத்தைக் கொடுத்திருக்க வேண்டும், ஜெல்லிஃபின் ஓடும் பயனர் அதைத் தொட அனுமதி உள்ள ரெண்டர் குழுவில் இருக்க வேண்டும். முதலாவது விடுபட்டால் சாதனமே இல்லை என்றும், இரண்டாவது விடுபட்டால் அனுமதி இல்லை என்றும் லாக்கில் ஒரு வரி வந்து நிற்கும். அடுத்தது, டிகோடிங் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடிப்பது. சிப்புக்குத் தெரியாத ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தை டிக் செய்தால் அந்தப் படம் மட்டும் பிழை காட்டி நின்றுவிடும். இன்டெல்லில் ஏவி1 டிகோடிங் 11-ஆம் தலைமுறையில்தான் வருகிறது. படம் ஓடுகிறது, ஆனால் சாம்பல் பூசியதுபோல வெளிறித் தெரிகிறதா? எச்டிஆர் நிறத்தைச் சாதாரண நிறத்துக்கு இறக்கும் டோன் மேப்பிங் அணைந்திருக்கிறது.

இன்னொன்று உண்டு. தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் எண்ணை 23-லிருந்து 18 ஆக்கினேன் (எண் குறைந்தால் தரம் கூடும்), தரம் மாறவே இல்லை என்பார்கள். மாறாது. ஜெல்லிஃபினில் சிஆர்எஃப் எண் சாஃப்ட்வேர் என்கோடிங்குக்கு மட்டும்தான். ஹார்ட்வேர் ஓடும்போது தரத்தைத் தீர்மானிப்பது பார்க்கும் ஆப்பில் நீங்கள் தேர்ந்தெடுத்த பிட்ரேட். இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அங்கே போய் ஏற்றுங்கள்.

என்விடியா தரத்தில் குறைந்தது அல்ல. 2018-இல் வந்த டூரிங் தலைமுறை என்கோடர் நன்றாகவே இருக்கிறது. கார்டு ஏற்கெனவே சர்வரில் இருக்கிறதென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். இதற்கென்றே வாங்குவதானால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்: மலிவாகக் கிடைக்கும் ஜிடி 1030-இல் என்கோடரே கிடையாது, ஜிடிஎக்ஸ் 1650-இன் முதல் பதிப்பில் இருப்பது முந்தைய தலைமுறை என்கோடர். வீட்டுக் கார்டுகளில் ஒரே நேரத்தில் மூன்று என்கோடிங் மட்டும் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. பிறகு அதை 5 ஆக்கி, 8 ஆக்கிவிட்டார்கள். டிரைவர் பழையதாக இருந்தால் நான்காவது ஆள் படம் போடும்போது இது இடிக்கும்.

ஏஎம்டி கிராஃபிக்ஸும் ஓடும், ஆனால் பழைய டிவிகளுக்கும் புரியும் எச்.264 வடிவத்தில் அதன் தரம் மற்ற இரண்டுக்கும் பின்னால்தான். ராஸ்பெர்ரி பை 5-இல் ஹார்ட்வேர் என்கோடரே இல்லை. டிரான்ஸ்கோடிங் தேவையில்லாத வீட்டுக்கு அது போதும்.

மென்பொருளிலும் இரு கட்சி. டிசம்பர் 2018-இல் எம்பி (Emby) என்ற மீடியா சர்வர் மென்பொருளிலிருந்து பிரிந்த ஜெல்லிஃபினில் ஹார்ட்வேர் டிரான்ஸ்கோடிங் இலவசம். பிளெக்ஸில் அதற்கு பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டணச் சந்தா வேண்டும். அதன் ஆயுள் சந்தா ஏப்ரல் 2025-இல் 119.99 டாலரிலிருந்து 249.99 ஆனது. கோளாறு பார்ப்பதில் இரண்டுக்கும் குணம் வேறு. ஹார்ட்வேர் கைவிட்டால் பிளெக்ஸ் சத்தமில்லாமல் சிபியுவுக்கு மாறிக்கொள்ளும். டாஷ்போர்டில் டிரான்ஸ்கோட் பக்கத்தில் எச்டபிள்யூ என்ற எழுத்து காணாமல் போவதுதான் தடயம். ஜெல்லிஃபின் பெரும்பாலும் முகத்துக்கு நேரே பிழை காட்டும். வீட்டில் மற்றவர்கள் பார்க்க பிளெக்ஸ் நிம்மதி. காரணம் தேடுகிற ஆளுக்கு ஜெல்லிஃபின்தான் வசதி என்பேன்.

இத்தனைக்கும் மேலே ஒரு போட்டியாளர் இருக்கிறார்: டிரான்ஸ்கோடே செய்யாமல் இருப்பது. டிவி 4கே எச்டிஆர் ஆனாலும் நம் கோப்பு டிரான்ஸ்கோட் ஆகலாம், காரணம் சப்டைட்டில். பிஜிஎஸ் என்பது எழுத்து அல்ல, படம். அதைக் காட்டத் தெரியாத ஆப் கேட்டால் சர்வர் வீடியோவின் மேலேயே அச்சடித்து அனுப்ப வேண்டும். அதற்குப் பதில் வெறும் எழுத்தாக இருக்கும் எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பைப் பக்கத்தில் வையுங்கள், டிவியே எழுதிக்கொள்ளும். (தமிழ் எஸ்ஆர்டியை சர்வர் அச்சடிக்கும்போது வெறும் கட்டங்களாக வந்தால், கன்டெய்னருக்குள் தமிழ் எழுத்துரு இல்லை.) ஆடியோ பிடிக்காமல் போவது அவ்வளவு மோசமில்லை. வீடியோ அப்படியே போகும், ஒலி மட்டும் மாறும், பழைய சிபியுவுக்கே அது தூசு. திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் இரவு முழுக்க ஓடவிட்டு 1080பி பிரதி ஒன்று செய்து வைத்துக்கொள்ளலாம். நேரம் நெருக்காததால் அங்கே சிபியுவின் மெதுவான பிரீசெட்டுக்கு வேலை கிடைக்கிறது.

நேரடியாக ஓடியும் 4கே படம் சண்டைக் காட்சிகளில் மட்டும் நின்றால், டிவியின் லேன் போர்ட்டைப் பாருங்கள். விலை உயர்ந்த டிவிகளில்கூட அது 100 எம்பிபிஎஸ் போர்ட்டாகவே இருப்பது சகஜம். சராசரி 60 என்றாலும் சில நொடிகளுக்கு 100-ஐத் தாண்டும் கோப்பு அதில் நுழையாது. கேபிளைக் கழற்றிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போட்டுப் பாருங்கள், சர்வரில் எதையும் தொட வேண்டியிருக்காது.