பில் ஃப்ரிசெல்லின் மூவர் ஆல்பம்: பல ஆண்டுகள் கேட்ட பிறகு

ஜாஸ் கிதார் என்றதும் விரல் வேகத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு அமெரிக்க கிதார் கலைஞர் பில் ஃப்ரிசெல்லின் ‘கான், ஜஸ்ட் லைக் எ ட்ரெயின்’ முதல் கேட்பில் ஏமாற்றம் தரலாம். 1998-இல் நான்சச் நிறுவனம் வெளியிட்ட ஆல்பம் இது. கிதார், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். எங்கள் வீட்டில் அதிகம் ஒலித்த ஜாஸ் ஆல்பம் எது என்றால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இத்தனை காலமும் சலிக்காமல் இருப்பதற்கு டிரம்ஸ்தான் முதல் காரணம் என்பது என் முடிவு.

வாசித்தவர் ஜிம் கெல்ட்னர். ஜான் லெனனின் ‘இமேஜின்’ ஆல்பத்தில் வாசித்தவர். 1971-இல் நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய வங்கதேச நிவாரணக் கச்சேரியில் ரிங்கோ ஸ்டாருடன் சேர்ந்து தாளத்தைத் தாங்கியவர். ராக் உலகமே போற்றும் அந்தக் கை, இங்கே அவசரமே இல்லாமல் விழுகிறது. அடி வந்து சேருவதற்குள் நம் கால் தானாகத் தட்டிவிடும். மயிரிழை தாமதித்து அவர் அடிப்பார். அந்த இடைவெளியில்தான் கிதாரின் கார்வை நிற்க இடம் கிடைக்கிறது. ஆரம்பத்தில் இது எனக்குப் பிடிபடவில்லை, கிதாரையே தொடர்ந்துகொண்டிருந்தேன். ‘புளூஸ் ஃபார் லாஸ் ஏஞ்சலிஸ்’ என்ற முதல் உருப்படியை டிரம்ஸுக்காக மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தெரிந்த பாட்டே புதிதாக ஒலிக்கும்.

பேஸ் வாசிக்கும் விக்டர் க்ராஸ், அமெரிக்க நாட்டுப்புற மரபில் வேரூன்றிய கன்ட்ரி இசைப் பக்கத்து மனிதர். பாடகி அலிசன் க்ராஸின் அண்ணன். கன்ட்ரி பாடகர் லைல் லவெட்டின் குழுவில் இருந்தவர். ஃப்ரிசெல்லின் முந்தைய ‘நாஷ்வில்’ ஆல்பத்திலும் இவரே பேஸ். ஆக, மூன்று இசை மரபுகள் மூன்று மனிதர்களாகவே ஓர் அறைக்குள் வந்துவிட்டன. கலவை செயற்கையாகத் தெரியாததற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

ஃப்ரிசெல்லின் வேலை நுட்பமானது. கன்ட்ரி பாட்டில் வருவதுபோன்ற எளிய மேஜர் கார்டு (சில ஸ்வரங்கள் இணைந்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) ஒன்றை மீட்டுவார். அது அடங்குவதற்குள், அதன் ஸ்வரம் ஒன்றுக்கு அரை ஸ்வரம் தள்ளி இன்னொரு தந்தியை மெல்லத் தட்டுவார். இரண்டும் உரசிக்கொண்டே ஒலிக்கும். நன்றாகப் பழகிய ஊரில் தெரியாத தெரு ஒன்று எதிர்ப்பட்டதுபோல் இருக்கும். மெட்டு தெரிந்துபோன பிறகும் என் காது அந்த உரசலுக்காகக் காத்திருக்கிறது.

‘லுக்அவுட் ஃபார் ஹோப்’ அவருடைய பழைய படைப்பு. 1988-இல் இதே பெயரில் ஈசிஎம் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட ஆல்பத்தில் செலோவும் உண்டு. செலோ இல்லாத இந்த மூவர் வடிவத்தில் பாரம் முழுவதும் கிதார்மேல் விழுகிறது. ராக் முகம் தெளிவாகத் தெரியும் இடமும் இதுதான். இரண்டில் எனக்கு நெருக்கமானது இந்த வடிவமே. ‘எக் ரேடியோ’வும் முன்பே பதிவானதுதான், நிதானமான அழகு.

குறை இல்லாமல் இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக ஓடும் ஆல்பம் இது. பிற்பகுதியில் ஒரே நடையில் போகும் உருப்படிகள் அடுத்தடுத்து வரும்போது கவனம் நழுவுகிறது. இரண்டு மூன்றை எடுத்துவிட்டிருந்தால் இன்னும் கட்டுக்கோப்பாக இருந்திருக்கும். நான் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை வேறொரு நாள் கேட்கிறேன். அப்படிக் கேட்டால் பின்பாதிக்கும் நியாயம் கிடைக்கிறது.

செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம். பேஸ் காணாமல் போய்விடும், கிதார் அந்தரத்தில் தொங்கும். சுமாரான ஹெட்ஃபோன் இருந்தாலே போதும். பிடித்துப்போனால், அடுத்த ஆண்டு வந்த ‘குட் டாக், ஹேப்பி மேன்’ ஆல்பத்தையும் தேடுங்கள். க்ராஸும் கெல்ட்னரும் அதிலும் இருக்கிறார்கள், கூடவே கிரெக் லீஸின் ஸ்டீல் கிதாரும் வேய்ன் ஹார்விட்ஸின் ஆர்கனும் சேர்ந்திருக்கின்றன.