எலுமிச்சைப் புல் எண்ணெய் எடுக்க 5 லிட்டர் ஸ்டீல் குக்கர் போதுமா?

போதும். குக்கரில் எழும் நீராவி புல்லிலிருந்து எண்ணெயை இழுத்து வரும்; அந்த ஆவியைக் குளிரவைத்தால் தண்ணீரும் எண்ணெயும் சொட்டும். ஆனால் கிடைக்கும் அளவை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: அரை கிலோ புல்லுக்கு 1 முதல் 2 மில்லி எண்ணெய்தான் வரும். துளசியும் ஓமவல்லியும் இன்னும் குறைவாகவே தரும். தொட்டியில் நாலு செடி வைத்திருப்பவர்களுக்கு வாசனைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

புல்லை அறுத்து ஒரு நாள் நிழலில் வாட்டி, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கவும். குக்கரில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் மூன்று சென்டிமீட்டருக்கு நிற்கும். கூடவே தரும் துளைத்தட்டு அந்த உயரத்துக்குக் காணாது. புல் தண்ணீரில் முங்கி வெந்தால் எண்ணெயில் வெந்த கீரை வாடை ஏறிவிடும். ஐந்து சென்டிமீட்டர் ஸ்டாண்ட் போட்டு அதன்மேல் தட்டை வையுங்கள். குக்கரில் முக்கால் பாகத்துக்கு மேல் புல்லைத் திணிக்கக் கூடாது. இலைத்துணுக்கு வெயிட் குழாயில் சிக்கினால் ஆபத்து. சேஃப்டி வால்வை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

வெயிட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழாயில் ஒரு சாண் சிலிகான் டியூப், அதன் மறுமுனையில் மூன்று மீட்டர் செம்புக் குழாய். ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் கடையில் 3/8 இஞ்ச் கிடைக்கும். உள்ளே உப்பை நிரப்பிச் சுருளாக வளைத்தால் நசுங்காது, பிறகு கழுவிவிடலாம். இந்தச் சுருளைத் தண்ணீர் வாளிக்குள் வைத்து, கீழ்முனையை வாளிக்கு வெளியே விடுங்கள். சுருள் முழுவதும் கீழ்நோக்கியே இறங்க வேண்டும். நடுவில் மேடு இருந்தால் தண்ணீர் தேங்கி நீராவியை மறிக்கும்.

பலர் கோட்டைவிடுவது குளிரூட்டும் வாளியில்தான். அரை லிட்டர் நீராவி தண்ணீராக மாறும்போது 10 லிட்டர் வாளித் தண்ணீரின் சூடு 27 டிகிரி ஏறும். காலையில் 30 டிகிரியில் இருந்தது 57 ஆகிவிடும். அப்புறம் மணமெல்லாம் ஆவியாகி அடுக்களையோடு போகும். 20 லிட்டர் வாளி வைத்து, பாதியில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அடுப்பு சிறு தீயில் எரியட்டும். குழாய் முனையில் ஆவி தெரியாமல் சொட்டுச் சொட்டாக விழுவதே சரியான பதம். மூடியோரம் ஆவி கசிந்தால் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டலாம்.

அரை லிட்டர் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். பெரும்பகுதி எண்ணெய் அதற்குள் வந்திருக்கும், குக்கரும் வறளாது. கழுத்துக் குறுகிய பாட்டிலில் இரவு முழுக்க வைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, கருநிறக் கண்ணாடிக் குப்பியில் அடையுங்கள். நேரடியாகத் தோலில் தடவக் கூடாது, எரியும். 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்குப் பத்துச் சொட்டு போதும்.

குக்கரில் ஒரே குறை கேஸ்கெட். ரப்பர் இந்த மணத்தை விடவே விடாது. சமையலுக்கு வேறு கேஸ்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.